அன்னா சாண்டி, அன்னா மணி, அன்னா ராஜம்: ஒரே வீட்டுப் பெண்களா?

கேள்வி: நாங்கள் மட்டாஞ்சேரியிலிருந்து வைப்பின் தீவுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளி வினாடி வினாவுக்குத் தயாராகிறாள். முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதி யார்? அன்னா சாண்டி. முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி? அன்னா ராஜம். வானிலை விஞ்ஞானி? அன்னா மணி. போதாததற்கு, புனித அல்போன்சாவுக்கும் பெற்றோர் வைத்த பெயர் அன்னாதான் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மச்சி. எல்லோரும் கேரளத்துக்காரர்கள். இவர்கள் ஒரே குடும்பமா? அல்லது முதல் அன்னாவின் புகழைக் கேட்டு மற்ற வீடுகளிலும் அதே பெயரை வைத்தார்களா? மகள் விடாமல் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.
— ஒரு வாசகி, வைப்பின்

பதில்: உங்கள் மகளுக்கு முதலில் ஒரு பாராட்டு. வினாடி வினாவுக்கு விடைகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் பலர். விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்து, ‘இதென்ன, எல்லாம் ஒரே பெயராக இருக்கிறதே’ என்று நிமிர்ந்து கேட்கிற பிள்ளை அபூர்வம். பக்கத்து வீட்டு அம்மச்சி சொன்னதும் முற்றிலும் சரி. ஆக நான்கு அன்னாக்கள். நால்வருக்கும் உறவு கிடையாது. ஒருவர் புகழைக் கேட்டு மற்றவருக்குப் பெயர் வைக்கவும் இல்லை. பிறகு ஏன் இப்படி என்றால், அதற்குக் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் பெயர் எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

குடும்பச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். அது எழக் காரணம், பெயரின் பின்பாதியை நாம் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதுதான். உண்மையில் அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழியில் வந்தது. அன்னா சாண்டியின் ‘சாண்டி’ கணவர் பெயர். அவர் பி.சி. சாண்டி என்ற போலீஸ் அதிகாரி. அன்னா மணியின் ‘மணி’ தந்தையின் பெயர். அவருடைய முழுப்பெயர் அன்னா மொடயில் மணி. நடுவில் வரும் மொடயில்தான் வீட்டுப்பேர். அதாவது தறவாட்டின், பூர்விக வீட்டின் பெயர். அன்னா ராஜம் பிறந்தபோது அன்னா ராஜம் ஜார்ஜ். ஜார்ஜ் தந்தை, ராஜம் அவருக்கே உரிய இரண்டாம் பெயர். பிற்காலத்தில் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த ஆர்.என். மல்ஹோத்ராவை மணந்து அன்னா ராஜம் மல்ஹோத்ரா ஆனார். அல்போன்சாவின் வீட்டுப்பேர் முட்டத்துபாடத்து. ஊர்களும் வேறு வேறு. அன்னா சாண்டி திருவனந்தபுரம், அல்போன்சா கோட்டயத்தை அடுத்த குடமாளூர், அன்னா மணி பீருமேடு, அன்னா ராஜம் நிரணம்.

இனி, புகழைக் கேட்டுப் பெயர் வைத்தார்களா என்ற சந்தேகம். பிறந்த ஆண்டுகளே இதற்குப் பதில் சொல்லிவிடும். அன்னா சாண்டி 1905, அல்போன்சா 1910, அன்னா மணி 1918, அன்னா ராஜம் 1927. மூத்தவரான அன்னா சாண்டி சட்டப் பட்டம் பெற்றதே 1926-இல். அவர் முன்சீப் ஆனது 1937-இல், கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றது 1959 பிப்ரவரியில். அவர் பெயர் நாடறிந்த பெயராவதற்குள் மற்ற மூன்று பெண்களும் தொட்டிலைவிட்டு இறங்கிவிட்டார்கள். குடமாளூர்ப் பெண்ணை ஊரார் அறிந்ததோ அன்னாவாக அல்ல, சிஸ்டர் அல்போன்சாவாக.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. நீங்கள் கேட்கவில்லை; ஆனால் உங்கள் மகள் அடுத்து இதைத்தான் கேட்பாள். ‘அன்னா வெள்ளைக்காரப் பெயர் ஆயிற்றே, மிஷனரிகள் வைத்ததோ?’ என்ற எண்ணம் அது. உங்கள் தீவின் வடகோடியில் பள்ளிப்புரம் கோட்டை இருக்கிறதே, போர்த்துக்கீசியர் 1503-இல் கட்டியது, அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தப் பெயர்கள் அந்தக் கோட்டையைவிட மிகப் பழையவை. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு கி.பி. 849-ஐச் சேர்ந்தது. வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்கு, நிலமும் உரிமைகளும் கொடுத்த சாசனம். அந்தப் பள்ளியைக் கட்டியவர் பெயர் மருவான் சபீர் ஈசோ. இது சிரியாக் பெயர். சிரியாக் என்பது மேற்காசியக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழி, இயேசு பேசிய அரமேயத்தின் கிளை. கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்கள் அந்த மொழியிலேயே வழிபட்டார்கள். ‘சிரியன் கிறிஸ்தவர்’ என்ற பெயர் வந்தது அதனால்தான். சிரியா நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் அல்ல.

வேதாகமப் பெயர்கள் அந்த வழியாக வந்து, மலையாள நாவில் உருண்டு, தோமா, மத்தாயி, ஔசேப் என்றும், பெண்களுக்கு மறியம், ஏலி, சோசா, சாறா, அன்னா என்றும் நிலைத்தன. அன்னா என்ற பெயருக்கு அங்கே மூன்று பிடிப்புகள்: சாமுவேல் தீர்க்கதரிசியின் தாய், குழந்தை இயேசுவை ஆலயத்தில் கண்ட முதிய தீர்க்கதரிசினி, மரபுப்படி மரியாளின் தாய். தமிழ் வேதாகமத்தில் முதல் இருவரும் அன்னாள். திருநெல்வேலிச் சீமையில் அன்னாள், அன்னம்மாள் என்று எத்தனை பாட்டிமார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இலங்கையின் தலவிலவில் உள்ள புகழ்பெற்ற திருத்தலமும் புனித அன்னம்மாளுக்கு உரியதே.

ஆனால் பழைய பெயர் என்பது மட்டும் போதாது. பழைய பெயர்கள் எத்தனையோ வழக்கொழிந்து போயிருக்கின்றன. இந்தப் பெயர் ஒழியாமல் தலைமுறைதோறும் பெருகியதற்குக் காரணம் ஒரு குடும்ப விதி.

சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் குழந்தைக்குப் பிடித்த பெயரைத் தேடி வைக்கும் வழக்கம் அண்மைக்காலம் வரை இல்லை. யார் பெயர் யாருக்குப் போக வேண்டும் என்பது குழந்தை பிறக்கும் முன்பே தீர்மானமாகியிருக்கும். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர். மூத்த மகளுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயர், இரண்டாம் மகளுக்குத் தாயைப் பெற்ற பாட்டியின் பெயர். அதற்குப் பிறகு பிறப்பவர்களுக்குத்தான் அத்தை, சித்தி, புனிதர் என்று கொஞ்சம் தாராளம். மாமோதீசாவின்போது, அதாவது ஞானஸ்நானச் சடங்கின்போது, தலதொட்டம்மை என்னும் ஞானத்தாய் குழந்தையை ஏந்தி நிற்க, அந்தப் பாட்டியின் பெயர் பேத்திக்குச் சூட்டப்படும். நம் பக்கத்திலும் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது உண்டு. ஆனால் நம்மிடம் அது பெரும்பாலும் விருப்பம். அங்கே அது முறை. மீறினால் மாமியார் வீட்டில் மனத்தாங்கல் வரும்.

இந்த முறை என்ன செய்யும் என்று உங்கள் மகளைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அன்னா என்று ஒரு பாட்டி. அவருக்கு நான்கு மகன், நான்கு மகள். அந்தக் காலத்துக்கு இது பெரிய குடும்பமே அல்ல; அன்னா மணியே எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. நான்கு மகன்களின் மூத்த மகள்கள் நால்வரும் அன்னா. நான்கு மகள்களின் இரண்டாவது மகள்கள் நால்வரும் அன்னா. ஒரே பாட்டிக்கு ஒரே பெயரில் எட்டுப் பேத்திகள்! இந்த எட்டுப் பேரும் எட்டு வீடுகளுக்கு மருமகள்களாகப் போய், காலப்போக்கில் பாட்டிகளாகி, அந்த வீடுகளிலும் அதே கணக்கைத் தொடங்குவார்கள். புழக்கத்தில் இருக்கும் பெண் பெயர்களோ கொஞ்சம். புதுப்பெயர் உள்ளே வர வழி குறைவு, பழைய பெயர் வெளியேற வழியே இல்லை. குளத்து நீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் போய் மறுபடி அதே குளத்துக்குத் திரும்புவதுபோல, இருக்கிற பெயர்களே சுற்றிச் சுற்றி வரும்.

எட்டு அன்னாக்கள் ஒரே முற்றத்தில் விளையாடினால் குழப்பம் வராதா? வரும். அதற்குத்தான் விளிப்பேர், அதாவது வீட்டில் கூப்பிடும் பெயர். ஒருத்தி அன்னம்மா, ஒருத்தி அன்னக்குட்டி, ஒருத்தி ஆனி. அல்போன்சாவின் கதையிலேயே இதைப் பார்க்கலாம். அவரை வீட்டில் அழைத்தது அன்னக்குட்டி என்று. பிறந்த கொஞ்ச நாளில் தாய் இறந்துபோக, முட்டுச்சிறையில் எடுத்து வளர்த்த பெரியம்மா முரிக்கன் வீட்டு அன்னம்மா. வளர்த்தவரும் அன்னா, வளர்ந்தவரும் அன்னா. அந்த வீட்டில் யாருக்கும் இது வியப்பாக இருந்திருக்காது.

இங்கேதான் உங்கள் கேள்வியின் முடிச்சு அவிழ்கிறது. விளிப்பேர் வாசலைத் தாண்டாது. பள்ளிச் சேர்க்கை, பட்டச் சான்றிதழ், அரசிதழ் எல்லாவற்றிலும் ஏறுவது மாமோதீசாப் பெயர். வீட்டில் எத்தனை விதமாக அழைக்கப்பட்டாலும், வெளியுலகப் பட்டியலில் வந்து நிற்கும்போது எல்லோரும் அன்னா. ஊருக்குள் ஆளை அடையாளம் காட்டும் வீட்டுப்பேரோ பெரும்பாலும் ஓர் இனிஷியலாகச் சுருங்கிவிடும், அல்லது விட்டுப்போகும். வினாடி வினாப் புத்தகத்துக்கு வந்து சேர்வது அந்த மிச்சம்தான்.

நம் ஔவையார் விஷயமும் இதுதானா என்று கேட்கத் தோன்றும். இல்லை, அது நேர் எதிர். தகடூர் அதியமானோடு நட்புக் கொண்ட சங்க கால ஔவை வேறு, ஆத்திசூடி தந்த பிற்கால ஔவை வேறு என்பது ஆய்வாளர் முடிவு. இடையில் பல நூற்றாண்டுகள். அங்கே அறிவும் வயதும் முதிர்ந்த பெண் புலவருக்கு உலகம் கொடுத்த மதிப்புப் பெயர் அது. அன்னாக்களுக்குப் பெயர் பிறந்த சில நாளில் வந்துவிட்டது. புகழை அவரவர் பிற்பாடு தேடிக்கொண்டார்கள்.

‘சரி, பெயர் நிறைய இருந்தது. ஆனால் ஏன் அந்தப் பெயர்க்காரர்கள் இத்தனை பேர் முதலாவதாக வந்தார்கள்?’ இதை உங்கள் மகள் கேட்காமல் விடமாட்டாள் என்று நம்புகிறேன். காரணம் பெயரில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. திருவிதாங்கூரில் ராணி கௌரி பார்வதி பாய் 1817-இலேயே கல்வி அரசின் பொறுப்பு என்று அறிவித்தார். கோட்டயத்தில் பேக்கர் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கினார்கள். பின்னர் கான்வென்ட்டுகளும் பெருகின. சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள், குறிப்பாக நடுத்தர வசதி உள்ளவை, பெண்களை அங்கே அனுப்பத் தயங்கவில்லை. படிக்கப் போன பெண்கள் கூட்டத்தில் அன்னாக்களும் மேரிகளும் மிகுதி என்றால், முதலாவதாக வந்தவர்களிலும் அந்தப் பெயர்கள் மிகுதியாகத்தானே இருக்கும்! மேரி என்ற பெயரை எடுத்துக்கொண்டாலும் இதே கதை: 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல், அதாவது மருத்துவத் துறையின் தலைமை அதிகாரி ஆன டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் ஒருவர், சொத்துரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போன மேரி ராய் மற்றொருவர்.

மேரி ராயின் வழக்கை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பாட்டியின் பெயரைப் பேத்திக்குத் தவறாமல் கொடுத்த அதே சமூகத்தில், தந்தையின் சொத்து மகளுக்குச் சமமாகப் போகவில்லை. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. இந்தச் சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1986-இல். மேலே சொன்ன அன்னாக்கள் வளர்ந்ததெல்லாம் அந்தப் பழைய சட்டத்தின் காலத்தில்.

ஆகவே அவர்கள் எளிதாக மேலே வந்துவிடவில்லை. ஒவ்வொருவரும் மோதிய கதவு வேறு. 1920களின் இறுதியில் திருவனந்தபுரத்தில், பெண்களுக்கு அரசு வேலை தேவையில்லை என்று ஒரு பெரிய மனிதர் மேடையில் பேசினார். இளம் வக்கீலான அன்னா சாண்டி அதே மேடையில் எழுந்து, நீதிமன்றத்தில் வாதிடுவதுபோல அவர் வாதங்களை ஒவ்வொன்றாக மறுத்தார். ‘ஸ்ரீமதி’ என்ற பெண்கள் பத்திரிகையையும் நடத்தினார். அவர் நீதிபதியாக இருந்த கட்டடம் உங்களுக்கு மிக அருகில்தான். வைப்பின் பஸ்கள் கோஸ்ரீ பாலங்களைக் கடந்து வந்து சேரும் ஹைகோர்ட் ஜங்ஷன் பக்கம் ராம் மோகன் பேலஸ் என்ற பழைய கட்டடம் இருக்கிறதே, கேரள உயர் நீதிமன்றம் அப்போது அங்கேதான் நடந்தது. 1967 வரை அவர் அங்கே நீதிபதி. மகளை ஒருநாள் அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

அன்னா மணிக்கு எட்டு வயதில் வீட்டில் வைரத்தோடு தரவந்தார்கள். தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வேண்டும் என்றாராம் அந்தப் பெண். பிறகு வைரம் வேறு வடிவில் அவரிடம் வந்தது: பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உமிழ்கின்றன என்று ஆராய்ந்தார். ஆய்வேடும் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை. அவர் 1948-இல் வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொண்டிருந்த அளவைக் கருவிகளை இங்கேயே செய்ய வரைபடங்கள் உருவாக்கினார். துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சைப் பற்றி அவர் தொகுத்த நூல்கள் சூரிய மின்சாரம் பற்றி யாரும் பெரிதாகப் பேசாத 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. நால்வரில் இவருக்குத்தான் உரிய புகழ் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

அன்னா ராஜம் நமக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் அவர் தேர்ந்தெடுத்தது மதராஸ் மாகாணத்தை. தேர்வில் வென்றும், வெளியுறவுப் பணி போன்ற பெண்களுக்கு ‘ஏற்ற’ வேலைக்குப் போகலாமே என்று தேர்வுக் குழு யோசனை சொன்னது. அவர் மறுத்தார். 1951 அணி ஐ.ஏ.எஸ். அதிகாரியாகச் சேர்ந்தபோது நியமன உத்தரவில் ஒரு நிபந்தனை: திருமணம் செய்துகொண்டால் பணி முடிந்துவிடும். அந்த விதி பின்னாளில் நீக்கப்பட்டது. முதலமைச்சர் ராஜாஜிக்கும் பெண்ணைச் சப்-கலெக்டராக அனுப்பத் தயக்கம். தலைமைச் செயலகத்தில் வேலை தருவதாகச் சொன்னார். குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் முடித்திருந்த அன்னா ராஜம், ஆண்களுக்குக் கொடுக்கும் வாய்ப்பை எனக்கும் கொடுங்கள் என்று வாதாடி ஓசூருக்குச் சப்-கலெக்டராகப் போனார். 1989-இல் பத்மபூஷண் பெற்றார்.

அல்போன்சா நடந்த பாதை முற்றிலும் வேறு. பரணங்கானம் மடத்தில் நோயோடு வாழ்ந்து 1946-இல், 36 வயது நிறையும் முன்பே மறைந்தவர். 2008 அக்டோபர் 12 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. இந்தியப் பெண்களில் முதலாமவர்.

உங்கள் மகளின் பட்டியலில் சேராத இன்னொருவரும் உண்டு. ஆனி மாஸ்கரீன், 1902-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். லத்தீன் கத்தோலிக்கர், பெயர் போர்த்துக்கீசிய வழியில் வந்தது. இந்திய அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், 1951-52 பொதுத் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போன முதல் கேரளப் பெண். வைப்பினிலும் லத்தீன் கத்தோலிக்கர் நிறைய இருப்பதால் உங்கள் தெருவிலேயே நாலைந்து ஆனிகள் இருக்கக்கூடும். அதே பெயர்தான், வந்த வழி மட்டும் வேறு.

கடைசியாக, ஒருவரைப் பார்த்து இன்னொருவர் வந்தாரா என்ற உங்கள் சந்தேகத்தில் ஒரு பாதி உண்மைதான். அன்னா சாண்டியின் புகழைக் கண்டு ஒரு தந்தை தன் மகளைச் சட்டம் படிக்கச் சொன்னார். பத்தனம்திட்டையில் 1927-இல் பிறந்த அந்த மகள் 1989-இல் இந்தியாவின் முதல் பெண் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். அவர் பெயர் அன்னா அல்ல, பாத்திமா பீவி.

உங்கள் மகளிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். விடைத்தாளில் வெறுமனே ‘அன்னா’ என்று நிறுத்திவிட வேண்டாம். முழுப்பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து எழுதிப் பழகட்டும்.